புழுவாக இருந்து பார்த்தவள்

செய்தி வந்தபோது காலை பதினொரு மணி. தம்பி ஆய்வகத்தில் ஈர மண்ணை எடை போட்டுக்கொண்டிருந்தான். கைப்பேசியில் அத்தான் அழைப்பது தெரிந்தும், தராசில் எண் ஆடாமல் நிற்கட்டும் என்று காத்திருந்து, எடையைக் குறித்துவிட்டுத்தான் எடுத்தான். அக்கா போய்விட்டாள். அளவின்மேல் அவனுக்கு அப்படியொரு பக்தி. அந்த எடையால் யாருக்கும் எந்தப் பயனும் இருக்கவில்லை.

இருவரும் ஒரே ஆய்வகத்தில் மண்புழுக்களை ஆராய்ந்தவர்கள். ஒரு கேள்வி எழுந்தால் தம்பி கருவியைத் தேடுவான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு புழுவாகிவிடுவாள். "நான் புழுவா இருந்தா இந்தப் பக்கம் ஏன் போகணும்?" என்று அவள் ஆரம்பித்தாலே கூட வேலை செய்பவர்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். புழுக்கள் ஒன்றோடொன்று கோபித்துக்கொள்கின்றன என்று ஒரு மாதம் சாதித்தவள் அவள். அவளுடைய ஊகங்களில் பெரும்பாலானவை மண்ணைக் கவ்வின. கவ்வவைப்பது தம்பியின் வேலை. கவ்வவைத்துவிட்டு, எதையோ தானே கண்டுபிடித்தவன்போல் நெஞ்சை நிமிர்த்தி நிற்பான். அக்கா சிரிப்பாள். "நான் தப்புத் தப்பா நினைச்சாத்தான்டா உனக்குப் பிழைப்பு."

அவள் படுக்கையில் விழுந்த சமயம், சுவரோர மேசையில் இருந்த பெட்டியில் மட்டும் புழுக்கள் பகலில் மேலே வந்து தப்பியோடப் பார்த்தன. மற்ற பெட்டிகளில் அமைதி. தம்பி ஈரம், சூடு, உப்பு, புளிப்பு எல்லாம் அளந்தான். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. அக்கா தினமும் போனில் அதையே விசாரித்தாள்.

"அளந்தது போதும். கொஞ்சம் புழுவா இருந்து பாரேன். பதில் தெரிஞ்சா எனக்குச் சொல்லு."

முனைவர் பட்டம் வாங்கியவன் புழுவாவதா? பார்க்கலாம் என்று நழுவினான்.

காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது பொய்யாக்குவதற்கு ஓர் ஊகம்கூட மிச்சமில்லை. நோயாளி இல்லாத அறையில் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பவன்போல் நின்றான். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் மட்டும் பாக்கி. கதவைச் சாத்திவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு மேசைமேல் ஏறி, பெட்டியின் பக்கத்தில் குப்புறப் படுத்தான். கண்ணில்லை, காதில்லை என்று எண்ணிக்கொண்டான். தன் வயிறு இரைவது மட்டும் தெரிந்தது.

ஆய்வக உதவியாளர் கதவைத் திறந்து பார்த்துவிட்டார்.

"என்ன சார், தலை சுத்துதா?"

"இல்ல. புழுவா இருக்கேன்."

அவர் பெட்டியை எட்டிப் பார்த்தார். "அக்கா சொன்னதா?"

"ம்."

"அப்ப ஷூவைக் கழட்டிடுங்க சார். புழு ஷூ போடாது." கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வெளியே காவல் நின்றார்.

கழற்றினான். வெறுங்கால் சுவரில் பட்டது. சற்று நேரத்தில் பாதம், வயிறு, கன்னம் எல்லாம் குறுகுறுத்தன. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார் ஓட ஆரம்பித்திருந்தது. அது பகலில் மட்டும்தான் ஓடும். தலையைத் தூக்கிப் பார்த்தான். புழுக்கள் மேலே வந்துகொண்டிருந்தன.

பிறந்ததிலிருந்து அவனுக்குத் தோன்றிய முதல் ஊகம். அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் ஊகம் பதிலாகாது. அதை மண்ணைக் கவ்வவைத்துப் பார்க்கவும் அவனைவிட்டால் ஆளில்லை. மோட்டாரின் அதிர்வு ஏறாமல் பெட்டிக்கு அடியில் ரப்பர் வைத்துப் பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் இருந்த பழைய ரப்பர் விரிப்பை வெட்டினான். மூன்று மூலைக்குத்தான் வந்தது. நாலாவது மூலைக்கு ரப்பர் இல்லாமல் பெட்டி இன்னும் வெறும் மேசைமேல்தான் இருக்கிறது.