நடுச்சுவர்க் கதவு

எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு, அப்பாவும் சித்தப்பாவும் கம்மாபுரம் பக்கம் ஒரே மனையில் ஓட்டு வீடு கட்டினார்கள். எனக்கு எட்டு வயது இருக்கும். ஒரே கூரைதான். நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் சித்தப்பா குடும்பம். அப்பாவுக்கு மைன்ஸில் பெர்மனன்ட் ஆகியிருந்தது. சித்தப்பாவுக்குக் கான்ட்ராக்ட், கூப்பிட்டால் போவார், இல்லாவிட்டால் வீட்டில் இருப்பார். இரண்டு பேரும் ஒரே கரியைப் பூசிக்கொண்டு வருகிறபோது அதில் என்ன பேதம் என்பது எனக்கு விளங்கவில்லை.

நடுச்சுவரில் கதவு எதற்கு, நேராக எழுப்பிவிடலாமே என்று கொத்தனார் கேட்டார். அப்பா அதற்கு ஒப்பவில்லை.

"செவுரு மட்டும் வெச்சா ரெண்டு வூடா பூடும். கதவு வெய்யுங்க."

சித்தப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

எந்த மாதிரிக் கதவு என்பதை அம்மா பார்த்துக்கொண்டாள். அப்பாவோடு வேலை செய்தவரின் குவார்ட்டர்ஸில், மேலிருந்து கீழாக வரிவரியாகப் பள்ளம் இழைத்த கதவு ஒன்றைப் பார்த்து வந்ததிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா, சித்தி, நான் மூன்று பேரும் பஸ் ஏறிக் குள்ளஞ்சாவடி மரப்பட்டறைக்குப் போனோம்.

ஆசாரி மாதிரிக்கு வைத்திருந்த பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்தார். ஒன்றில் வரிகள் சீப்புப் பல் போல நெருக்கமாக இருந்தன. இன்னொன்றில் நாலு விரல் இடைவெளி. மற்றொன்றில் வரிகள் இரண்டு பக்கமிருந்தும் சாய்ந்து வந்து நடுவில் முட்டிக்கொண்டன. அதுதான் வேண்டும் என்று நான் அடம் பிடித்தேன். அம்மா பள்ளத்தில் விரலை ஓட்டிப் பார்த்து, நெருக்க வரியில் கரித்தூசி அடைந்துகொள்ளும் என்று அகல வரியைச் சொன்னாள். சித்தி எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. எது பிடித்திருக்கிறது என்று அம்மா கேட்டபோதெல்லாம், நீங்கள் பார்த்துச் சொன்னால் சரி என்றாள்.

அப்போதுதான் ஆசாரி ஒரு சங்கதியைச் சொன்னார். வரி ஒரு முகத்தில்தான் வரும். பின்பக்கம் குறுக்குச் சட்டம் அடித்து வெறுமையாக இருக்கும். நல்ல முகம் யார் வீட்டைப் பார்க்க வேண்டும்?

அம்மா பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "ஒங்க பக்கமே வெச்சிக்குவோம்" என்றாள்.

"வேணாங்க்கா. வரி ஒங்க பக்கம் இருக்கட்டும். எங்க பக்கம் தாப்பா வெச்சா போதும்."

உங்களுக்கும் ஒரு தாழ்ப்பாள் வைக்கட்டுமா என்று ஆசாரி கேட்டார். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். அழகான பக்கம் எங்களுக்கு வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நெரிசல் என்று நினைத்தேன்.

கதவு மாட்டிய புதிதில் நானும் தம்பியும், அதாவது சித்தியின் மகனும், அதன் வழியாக ஓடிக்கொண்டே இருந்தோம். பிறகு சில நாட்கள் மட்டும் தள்ளினால் திறக்காது. சித்தப்பா வேலைக்குப் போகாமல் இருக்கும் நாட்கள் அவை. நான் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன். சித்தி எப்போதும் போல என் தலையைக் கோதிவிட்டு, வெளியிலேயே நின்று பேசி அனுப்பிவிடுவாள்.

அந்த நாட்களில்தான் அம்மா ஈரத்துணியை எடுத்துக்கொண்டு கதவைத் துடைக்க வருவாள். விரல் நுனியில் துணியைச் சுற்றி, ஒவ்வொரு வரியாக மேலிருந்து கீழே இழுப்பாள். பாதியில் கை நின்றுவிடும். அந்தப் பக்கம் அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டால் துடைப்பதை விட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். கேட்காவிட்டால் என்னைக் கூப்பிட்டு, "தம்பிய வெளையாடக் கூட்டியா. அப்பிடியே ரெண்டு பேரும் சாப்ட்டுடுங்க" என்பாள்.

எனக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. கதவு திறக்காத நாளில்தான் தம்பி எங்கள் வீட்டில் சாப்பிடுவான் என்பதால், காலையில் எழுந்ததும் ஓடிப்போய், இன்றைக்கும் தாழ்ப்பாள் போட்டிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு கதவைத் தள்ளிப் பார்ப்பேன்.