பீடத் துணியில் படிந்த கரி

ஜோசஃபினுக்குக் கோபம் வந்தால் துவைகல்தான் அடி வாங்கும். உலக யுத்த காலத்தில் அந்தக் கல் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு என்று பெங்களூர் பஸ்களின் முதுகில் ஆளுயர இரும்பு உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, வருகிற வாயுவில் வண்டியை ஓட்டச் சொல்லிவிட்டார்கள். ஓட்டமாம் ஓட்டம்! மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். அப்படியொரு கரி பஸ்ஸுக்கு டிரைவர், அவள் புருஷன் மதலைமுத்து. பஸ் நிற்கும் கொட்டகை அவள் வீட்டு முற்றத்தை ஒட்டியே இருந்தது. பஸ் முதலாளி குடிவைத்த வீடு என்பதால் அவரிடம் வாயைத் திறக்கவும் முடியாது.

அவள் பிழைப்போ வெள்ளைத் துணியோடு. சூளைப் பக்கத்து மாதா கோயிலின் பீடத் துணிகளையும் சாமியாரின் அங்கிகளையும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள்தான் துவைத்து, கஞ்சி போட்டு, பெட்டி போட்டுக் கொடுக்கிறாள். பூசை நேரத்தில் ஊரே பீடத்தைப் பார்த்து முழந்தாளிடும்; இவள் பீடத் துணியின் மடிப்பைப் பார்ப்பாள். அதில் அவளுக்கு அத்தனை பெருமை.

அந்தப் பெருமையில்தான் தினமும் கரி விழுந்தது. விடிந்தும் விடியாததுமாக மதலைமுத்து கரியைப் பற்றவைத்துக் காற்றூதும் சக்கரத்தைச் சுற்றுவார். புகையும் தூளும் நேரே கொடிக்கு வரும்.

"கண்ணு தெரியுதா உங்களுக்கு? ஆண்டவரோட துணிங்க இது! மறுபடியும் முதல்லேருந்து தோய்க்கணும். பேஜாருங்க!"

"நான் இன்னாம்மா பண்றது? பெட்ரோல் குடு, புகையே வராது."

"பேச்சுக்கு மட்டும் குறைச்சலில்ல."

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது உபதேசியார் ஞானசேகரன் வந்தார். கோயில் காரியமெல்லாம் அவர் பொறுப்பு. துணியை விரித்தார், நடுவில் கறுப்புப் புள்ளிகள்.

"இன்னா ஜோசஃபின், பாலன் பொறக்கறதுக்கு இந்தத் துணியா? முடியலன்னா சொல்லு, வேற ஆளப் பார்த்துக்கறேன்."

அவள் உடம்பெல்லாம் எரிந்தது. அவர் தெருமுனை தாண்டியதும் புருஷனிடம் பாய்ந்தாள். "நாளையிலேருந்து கொட்டாய்க் கதவ மூடிட்டுப் பத்தவைங்க. இல்லாட்டி எனக்குச் சோறும் வேணாம், உங்களுக்கும் கிடையாது!"

மதலைமுத்து சண்டைக்கு ஆள் இல்லை. தகரக் கதவைச் சாத்திக்கொண்டு, மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினார். கரி நன்றாகக் கனிந்து புகை அடங்கியதும், இனி ஒன்றுமில்லை என்று துண்டை அவிழ்த்துவிட்டு, வண்டிக்கு வாயு சேரும்வரை உள்ளேயே உட்கார்ந்திருப்பார். கொடியில் துணி பளிச்சென்று காய்ந்தது. ஜோசஃபின் சமைக்கும்போது பாட்டுகூடப் பாடினாள்.

சில நாளில் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தார். "தலை விண்ணுவிண்ணுனு தெறிக்குது, ஜோசி. குமட்டிக்கினு வருது."

"டிசம்பர் பனி, வேற இன்னா?" என்று சுக்குக் காப்பி கொடுத்தாள். பனி உள்ளே போகாதிருக்கக் கதவின் அடி இடுக்கில் கோணியையும் திணித்துவைத்தாள். நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தாள், பாவி.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை. பெரிய பீடத் துணியைக் கொடியில் விரித்துவிட்டுக் காப்பியோடு கதவைத் தட்டினாள். பதிலில்லை.

"தூக்கமா? நல்ல நேரம் பார்த்தீங்க!" என்று கதவை இழுத்துத் திறந்தாள். உள்ளே புகையில்லை, ஒரு வாடையுமில்லை. பஸ்ஸின் பின்சக்கரத்தில் சாய்ந்து கிடந்தார் மதலைமுத்து. உலுக்கினாள், தலை தொங்கியது. லோட்டாவை எறிந்துவிட்டு, இரு கக்கத்திலும் கைகொடுத்து, "மாதாவே, மாதாவே" என்று அலறியபடி முற்றத்துக்கு இழுத்து வந்தாள். வெளிக்காற்றில் வெகு நேரம் கழித்துத்தான் அவருக்கு மூச்சு சீராக வந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் எரிந்து விழுந்தார். "காத்து பத்தாம கரி எரிஞ்சா புகையவிட மோசமான விஷம் வரும்மா. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அந்த வாயுலதான் பஸ்ஸே ஓடுது! கதவை மூடச் சொன்ன புத்திசாலி யாரு?"



மதலைமுத்துவுக்கு உயிர் தங்கியது. ஆனால் வேலைக்குத் திரும்பிய பிறகும், வருஷக்கணக்காக பஸ்ஸை நிறுத்திய ஸ்டாப்பின் பேர் சில வேளை அவருக்கு மறந்துபோகும். ஜோசஃபின் கடப்பாரையை எடுத்துக் கொட்டகையின் தகரக் கதவைத் தானே பெயர்த்துப் போட்டாள். முதலாளி கத்தினார், கத்தட்டும்.

உபதேசியார் மறுபடி துணியை விரித்துப் பார்த்து முகம் சுளித்தார். "மறுபடியும் கரியா?"

"ஆமாங்க, கரிதான்" என்றாள் ஜோசஃபின். "கொட்டாய்க்குக் கதவே இல்ல இப்ப, அவரு மூச்சு விடறாரு. வேற ஆளப் பார்க்கணும்னா பார்த்துக்கோங்க."