ஆறு சுற்றுத் தளர்த்திய பிரேக்

அவரை நான் முதலில் பார்த்தது எங்கள் வாகனச் சோதனை அலுவலகத்தின் பின்வாசலில். விபத்தில் அடிபட்டு வரும் வண்டிகளைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் வேலை. சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் கிடையாது. நான் இயந்திரப் பொறியியல் முடித்து, நான் போடும் கையெழுத்து காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகிறது என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

ஐம்பதை நெருங்கும் வயது, பருத்த உடம்பு, நகக்கண்ணில் சோப்புக்கும் போகாத கருப்பு. மூன்று படி ஏறுவதற்குள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், போன மாசம் ஒரு பைக் பாத்தீங்க. சிவப்பு. ஓட்டின பையன் செத்துட்டான்."

நினைவிருந்தது. இருபது வயதுப் பையன். முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டிப் பழகும்போது வண்டியோடு மல்லாந்து விழுந்து, பின்மண்டை சிமெண்ட் தரையில் மோதியிருந்தது. பையனின் அப்பா சான்றிதழுக்காக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"பின் பிரேக் பெடல்ல எவ்வளவு ப்ளே இருந்துச்சு?"

பெடலை மிதித்தால் பிரேக் பிடிக்கத் தொடங்கும் வரை அது சும்மா இறங்குகிற தூரத்தைத்தான் ப்ளே என்பார்கள். வீட்டுக்காரர்கள் யாரும் இதைக் கேட்டதில்லை. கோப்பை எடுத்துப் பார்த்தேன்.

"இருபத்தஞ்சு மில்லிமீட்டர். இருபதுலேர்ந்து முப்பது வரைக்கும் இருக்கலாம். கச்சிதமா நடுவுல இருக்கு. பிரேக்ல ஒரு குறையும் இல்லைங்க ஐயா." ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அப்படி அழுத்திச் சொன்னேன்.

"தெரியும் சார். வெச்சது நான்தான்."

அவர் பேருந்துப் பணிமனையில் பிரேக் பிரிவு மெக்கானிக். இருபத்தாறு வருடச் சர்வீஸ். அவர் கை வைக்காமல் எந்த வண்டியும் கேட்டைத் தாண்டாது. எதிலும் ஒரு குற்றம் கண்டுபிடிப்பார் என்பதால் டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் மாமியார். "மாமியார் சரின்னுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்களாம்.

விபத்துக்கு முந்தின நாள் மாலை, மகனுடைய பைக்கைக் கழுவிக் கொடுத்திருக்கிறார். பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் உரசிக்கொண்டு நின்றது. பிரேக் கம்பியின் நுனியில் இருக்கும் நட்டை யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருந்தார்கள். பெடலில் ப்ளே என்பதே இல்லை. இப்படியே ஓட்டினால் லைனிங் தேய்ந்துபோகும், டிரம் சூடாகும். ஆறு சுற்றுத் தளர்த்தி, சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுத் துணியைப் பிழிந்து போட்டுவிட்டார். மகனிடம் சொல்லவில்லை. அறுந்த பொத்தானைத் தைத்துப் போடுகிறவர் அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாரா? மறுநாள் காலை பத்து மணிக்குப் பையன் இல்லை.

"நீங்க செஞ்சது சரிதானே ஐயா" என்றேன்.

"புத்தகத்துக்குச் சரி. ரெண்டு சக்கரமும் தரையில இருக்கறவனுக்குச் சரி. ஒத்தச் சக்கரத்துல போறவனுக்கு?"

நான்கு வருடப் படிப்பில் அதற்கு ஒரு பக்கம்கூட இல்லை.

"தெரியலைங்க ஐயா."

"ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. வண்டியை விடுவித்துக் கொடுக்க என்னென்ன காகிதம் வேண்டும் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். "வண்டி ரெடி சார். வந்து அளவு மட்டும் பாத்துக் குடுங்க. நானே பாத்தா எனக்குச் சாதகமாப் பாத்துடுவேன்."

மாடியில் இரண்டு அறை வீடு. முன்னறையில் தையல் இயந்திரம். வெட்டிய பள்ளிச் சீருடைகள் நாற்காலி, கட்டில், ஜன்னல் விளிம்பு என்று எல்லா இடத்தையும் பிடித்திருந்தன. தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி எழுந்திருக்காமலே பேசினார்.

"நீங்களாவது சொல்லுங்க சார். ஒருத்தன் போனது பத்தாதுன்னு இவரும் கெளம்பியிருக்காரு."

"அளவு பாக்கத்தான்மா வந்தேன்."

"சவப்பொட்டி அளவா?" என்றார். இயந்திரம் நிற்கவில்லை. "அவனே தேடிக்கிட்டான் சார். வேண்டாம்னு எத்தன தடவ சொன்னேன். முன் சக்கரத்தத் தூக்கி எவளுக்குக் காட்டணும்? திமிரு. பெத்தவ நெனப்பு ஒரு நிமிஷம் வந்திருந்தா தூக்கியிருப்பானா?"

கணவர் ஜன்னலைப் பார்த்தபடி நின்றிருந்தார். நட்டைப் பற்றி மனைவியிடம் சொல்லவில்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. மாடிப்படியில் இறங்கும்போது அவரே சொன்னார்.

"அவன்மேல இருக்கற கோவத்துலதான் சார் அவ எழுந்து நடமாடறா. அதைப் பிடுங்கிட்டு என்னத்தக் குடுக்கறது? என் கைதான்னு உறுதியாத் தெரிஞ்சா சொல்லிடுவேன். சந்தேகத்தையெல்லாம் கொண்டுபோய் அவ தலையில கொட்ட மாட்டேன்."

அவர் கூட்டிப்போன இடம், பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் முற்றம். பையன் விழுந்த அதே இடம். லாரிகள் திரும்புவதற்காகப் போட்ட சிமெண்ட் தரை. வண்டியின் வளைந்த ஹேண்டில்பாரையும் பின் மட்கார்டையும் மாற்றியிருந்தார். பின்பக்கம் இரும்புச் சட்டம் ஒன்றைப் பற்றவைத்து அதில் தள்ளுவண்டிச் சக்கரம் இரண்டைப் பொருத்தியிருந்தார். வண்டி மல்லாந்தால் அந்தச் சக்கரங்கள் தாங்கிக்கொள்ளும். பிரேக் நட்டை மகன் வைத்திருந்தபடியே ஆறு சுற்று இறுக்கியிருந்தார். அளந்தேன். ப்ளே இரண்டு மில்லிமீட்டர்கூடத் தேறவில்லை.

சொல்லிக்கொடுக்க வந்தவன் மகனுடைய சிநேகிதன். ஆறடிக்கு மேல் உயரம் என்பதால் எல்லாருக்கும் அவன் நெட்டை. தண்ணீர் கேன் போடுகிற வேலை. விபத்து நடந்த அன்றைக்கும் அவன் உடன் இருந்தான்.

"அப்பா, பின்னாடி தள்ளி உக்காருங்க. டேங்க்கைக் கட்டிப் பிடிச்சா வண்டி எழும்பாமத் தூங்கிடும்."

"பேசாம விஷயத்தச் சொல்லு."

"கிளட்ச்சைப் பிடிச்சு முறுக்குங்க. மெதுவா விட்டா ஓடும். வெடுக்குன்னு விட்டா எழும்பும்."

"எழுப்பறது கெடக்கட்டும்டா. எறக்கறது எப்படி?"

"அதுதான்ப்பா மொதப் பாடம். வலது கால் பெடல்லயே இருக்கணும். மூக்கு மேல வந்ததும் லேசாத் தொட்டீங்கன்னா கீழ வந்துடும். தொடணும், மிதிக்கக் கூடாது. அதுக்குத்தான் நட்டை இறுக்கறது. நாங்க எல்லாருமே இறுக்கித்தான் வெச்சிருப்போம்."

"பஸ்ஸை மிதிச்ச காலுடா இது."

"அந்தக் காலை வீட்ல விட்டுட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமைதோறும் போனார்கள்; நானும் அவ்வப்போது போய் நின்றேன். முதல் மாதம் முழுக்க முன் சக்கரம் ஒரு சாண் எழும்பும், இவர் கால் தொடும், பொத்தென்று விழும். ஒரு காலையில் நாற்பது, ஐம்பது தடவை. பக்கவாட்டில் சரிந்து முழங்கை உரிந்தது. இடது மணிக்கட்டு வீங்கி, பணிமனையில் இரண்டு நாள் ஸ்பானர் பிடிக்க முடியவில்லை. "மாமியார் சர்க்கஸ்ல சேந்துட்டாங்க" என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்களாம். மகனை இழந்த மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சிலர் நினைத்தார்கள். நானும் இரண்டொரு தடவை அப்படி நினைத்தேன்.

நான்காவது மாதம் ஒரு காலையில் இருபது மீட்டர் தூரம் பின் சக்கரத்தில் மட்டுமே போனார். சாய்வு ஒரு இடத்துக்கு வந்ததும் வண்டிக்குக் கனமே இல்லாமல் போய்விடுமாம். ஆக்சிலரேட்டரைக்கூட முறுக்க வேண்டாமாம். இறக்கிக்கொண்டு வந்து நிறுத்தியபோது முகம் சிவந்திருந்தது.

"நல்லாத்தான்டா இருக்கு" என்றார் நெட்டையிடம். "இதுக்குத்தான் ஓடி ஓடி வந்தானா."

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

அடுத்த ஞாயிறு நட்டை ஆறு சுற்றுத் தளர்த்தினார். அளந்து பார்த்து இருபத்தைந்து என்றேன். வண்டியை ஓட்டிக்கொண்டுபோய்த் தூக்கினார். அந்தக் கனமில்லாத இடத்துக்கு வந்ததும் வலது கால் பெடலைத் தொட்டது. வண்டி இறங்கவில்லை. நிமிர்ந்துகொண்டே போய், தள்ளுவண்டிச் சக்கரங்கள் சிமெண்டில் மடாரென்று இடித்தன. சட்டம் மட்டும் இல்லையென்றால் அவர் தலையும் அங்கேதான்.

இறங்கி வந்து தண்ணீர் குடித்தார். "கால் வெக்கற இடத்துல ஒண்ணுமே இல்ல சார். இருட்டுல கடைசிப் படின்னு நெனச்சுக் கால வெப்போமே, அந்த மாதிரி."

இரண்டாவது தடவையும் சட்டம்தான் தாங்கியது. மூன்றாவது தடவை பெடலை ஆழமாக மிதித்தார்; வண்டி ஆடிக்கொண்டே இறங்கியது. நான்காவதும் இறங்கியது. ஐந்தாவதை முடித்துவிட்டு வந்தபோது அவர் குரலில் ஒரு தெம்பு இருந்தது.

"முன்கூட்டித் தெரிஞ்சா இறக்கிடலாம். கால் பழகிக்குது. வீட்லேர்ந்து இங்க மூணு கிலோமீட்டர். வழியில அஞ்சாறு தடவையாவது பிரேக் பிடிச்சிருப்பான். பெடல் தொங்கறது தெரியாமப் போகுமா? தெரிஞ்சும் தூக்கியிருக்கான்னா அது அவன் இஷ்டம். இல்லையா சார்?"

நான் தலையாட்டினேன். அவருக்காக இல்லை, எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. நெட்டை வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான்.

"அப்பா."

"என்னடா?"

"அன்னிக்கு வண்டிய நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."

அவர் தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"அவன் காலையில சாப்பிடாம வந்துட்டான். வழியில பன்னு வாங்கினோம். நீ ஓட்டுடா, நான் தின்னுட்டு வரேன்னான். பின்னாடி உக்காந்து தின்னுட்டு வந்தான். பெடல் தொங்கறது எனக்குத் தெரிஞ்சுச்சு. அவனே ஏதோ மாத்தியிருப்பான்னு நெனச்சேன். இங்க வந்ததும் எறங்கிக் குடுத்தேன். அவன் ஒடனே தூக்கிட்டான்."

"அவன்ட்ட சொல்லலையா?"

"இல்லப்பா."

அதற்காகத்தான் நாலரை மாதம் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்திருக்கிறான். அவர் அவனை அடிப்பார் என்று நான் நினைத்தேன். அவனும் அப்படி நினைத்தான்போல, குந்தியபடியே கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அவர் ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் போட்டார்.

"இதை வேற யார்ட்டயும் சொல்லாத. உங்கம்மாகிட்டகூட. எழுந்து வீட்டுக்குப் போ."

அவன் போன பிறகு நான் கேட்டேன், "அறிக்கையை மாத்தி எழுதித் தரட்டுமா ஐயா?" ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தவன் நான்.

"என்னன்னு எழுதுவீங்க? அப்பன்காரன் ஒழுங்கா வேலை செஞ்சான்னா?"

என்னையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தான் சொன்னால் மனைவி நம்ப மாட்டார், படித்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். நின்றபடியே சொன்னார். வண்டி கழுவியது, ஆறு சுற்று, இருபத்தைந்து மில்லிமீட்டர், கால் வைத்த இடத்தில் பிரேக் இல்லாதது. பன்னையும் நெட்டையையும் சொல்லவில்லை. பையன் அதைக் கவனிக்க வழியில்லாமல் போய்விட்டது என்றார், அவ்வளவுதான். நானும் வாய் திறக்கவில்லை.

தையல் இயந்திரம் நின்றிருந்தது. அவர் மனைவி என்னைப் பார்த்தார்.

"நெஜமா சார்?"

"அளவு நிஜம்தான்மா. நான்தான் அளந்தேன்."

கணவரிடம் திரும்பினார். "நீங்க தொடாம இருந்திருந்தா?"

"எறங்கியிருப்பான்."

அவர் மனைவி மடியில் இருந்த துணியின் ஓரத்தை மடித்து மடித்து அழுத்தினார். பிறகு சொன்னார், "ஆறு மாசமா அவனத் திட்டிட்டு இருக்கேன். நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருந்தீங்க."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் மனைவி மறுவாரமே தையல் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போனார். இன்னும் அங்கேதான் இருக்கிறார். நெட்டை வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விட்டான். அவர் அந்த மாடி வீட்டில் தனியாக இருக்கிறார், பணிமனையில் அதே பிரேக் பிரிவில் வேலை செய்கிறார், பைக்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். என் அறிக்கை முதலில் எழுதியபடியே கோப்பில் இருக்கிறது.