மேடையில் குனிந்தவன்

எங்கள் வீட்டில் ‘மறை’ என்ற வினைச்சொல்லை அதிகம் புழங்கியவர் அப்பாதான், அதுவும் கட்டளையாக. தொலைக்காட்சிக்கு முன்னால் யார் கடந்தாலும், “மறைக்காத” என்பார். பாடநூலில் மேகம் நிலவை மறைத்தது. திருடன் நகையை மறைத்தான். செலண்டார் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் எங்கள் இரண்டறை வீட்டில் நகையும் இல்லை, அதை மறைக்க இடமும் இல்லை. ஒளித்து வைக்கத்தான் எண்ணம் வேண்டும், மறைப்பதற்கு உடம்பு ஒன்று போதும் என்பதை அங்கேதான் கற்றேன்.

ஆகவே குனிந்து நடக்கப் பழகினேன். உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு முன்னால் போக நேர்ந்தால் முதுகை வளைத்து, வலது கையைத் தரையை நோக்கித் தாழ்த்திக் கடக்க வேண்டும். மலாய்க்காரர்களிடமிருந்து வந்து எங்கள் தோட்டத்தில் ஒட்டிக்கொண்ட மரியாதை அது.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். பட்டமளிப்பு நாளன்று அப்பா செம்பனைக் குலை வெட்டும் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, புதுச் சட்டையில் மடிப்புக் கலையாமல் வந்திருந்தார். “நீ மேடையில நடக்கிறத ஒரு தடவ கண்ணால பாத்துட்டா போதும்” என்று காரில் மூன்று முறை சொன்னார்.

என் முறை வந்தது. மேடையில் பேராசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நடக்க வேண்டும். அவ்வளவுதான், என் முதுகு தானாக வளைந்தது, வலது கை தாழ்ந்தது. மேடை விளிம்பில் இடுப்புயரத்துக்குப் பூச்சாடிகள். பட்டச் சுருளை வாங்கும்போதும் குனிந்தே வாங்கி, குனிந்தே இறங்கினேன். மிகுந்த கௌரவத்துடன் நடந்துகொண்டதாக எனக்கு எண்ணம்.

வெளியே வாகன நிறுத்துமிடத்தில் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

“என்னடா நடந்த? தொப்பி மட்டும் பூவுக்கு மேல நகந்து போச்சு. வேற யாரும் மறைக்கல, நீயே ஒன்ன மறைச்சிட்ட.”

“பெரிய திரையில தெரிஞ்சிருக்குமேப்பா.”

“டிவி வீட்டுலயே இருக்கு லா. அதுக்கா லீவு போட்டேன்?”

“நான் நல்லா பாத்தேன்” என்றார் அம்மா.

“நீ எங்க பாத்த? அவன் பேரச் சொன்னதுலேர்ந்து முந்தானையில மூஞ்சிய வச்சிருந்த.”

சிரிப்பு வந்தது. ஆனால் அப்பா சிரிக்கவில்லை. வெட்டுக்கத்திக் கம்பைப் பிடித்துக் காய்த்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூடிக் கிடந்த மண்டபக் கதவையே பார்த்தார். திரும்பப் போய் நடக்க முடியாதா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

போட்டிருந்த பட்டமளிப்பு அங்கியை மாலைக்குள் திருப்பித் தர வேண்டும். இன்னும் நேரம் இருந்தது. அப்பாவை ஒரு கட்டைச் சுவரில் உட்கார வைத்தேன். கார்களுக்கு நடுவே எதிர்க்கோடிக்குப் போனேன். நின்றிருந்த பிற குடும்பங்கள் வேடிக்கை பார்த்தன. அங்கிருந்து அப்பாவை நோக்கி நிமிர்ந்து நடந்தேன். பெரியவர் ஒருவருக்கு முன்னால் அப்படி நடப்பது அதுதான் எனக்கு முதல் முறை. முதுகு வளையத் துடித்தது.

அப்பா கைபேசியை எடுக்கவில்லை. தொப்பியிலிருந்து சப்பாத்து வரை மெதுவாகப் பார்த்தார்.

“வேகமா வந்துட்ட” என்றார். “இன்னொரு தடவ நட.”