திலகாவின் அறாத நூல்

திலகா நூற்கும் நூல் அறாது. புக்கிட் ரோத்தான் என்ற ஊரில் அவளோடு சேர்ந்து நூற்கும் பெண்கள் இதைக் கொஞ்சம் கேலியாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் சொல்வார்கள். அந்தப் பேச்சை நினைத்துப் பயப்படும் ஒரு நாள் வரும் என்று அவள் எண்ணியதில்லை.

நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை. காற்று நிரப்பிய கையுறைகள் வரிசையாக வரும். ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக் கழித்துப் போட வேண்டும். பிறந்தது ஈஜோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில். தோட்டம் கைமாறியதும் லயத்தை இடித்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டி ரப்பர் எடுத்தவர்களிடம், நீங்கள் குடியிருந்தவர்கள்தானே, சொந்தக்காரர்கள் இல்லையே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படிச் சொன்ன கம்பெனியின் பெயர்ப்பலகை இப்போது அங்கே தாமான் என்கிற புதுக் குடியிருப்பு ஒன்றின் வாசலில் நிற்கிறது.

நூற்பு தற்செயலாக வந்தது. கோலசிலாங்கூரில் நடந்த கைவினைச் சந்தையில் ரோஹானி என்ற மலாய்ப் பெண் தக்கிளியில் நூற்றுக்கொண்டிருந்தாள். தக்கிளி என்றால் பெரிய சாதனம் ஒன்றும் இல்லை. ஒரு குச்சி, அதன் அடியில் வட்டமாக ஒரு பாரம். அதைச் சுழற்றிவிட்டுப் பஞ்சை இழுத்தால் முறுக்கு ஏறி நூலாகிறது. திலகா நின்று பார்த்தாள். கேட்டு வாங்கிச் சுழற்றிப் பார்த்தாள். அறுந்தது. மறுபடி சுழற்றினாள். அன்று அவளோடு சந்தைக்கு வந்தவர்கள் அவளை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். நாள் முழுதும் ஓட்டை தேடும் கண்ணுக்கு, ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்று உருவாவதைப் பார்ப்பது அவ்வளவு இனிப்பாக இருந்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் புக்கிட் ரோத்தானில் சுகந்தினி வீட்டுக் கார் போர்ச்தான் அவள் இடம். சுகந்தினி வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காரை வெளியே எடுத்துவிட்டு நாற்காலிகள் போடுவார். ரோஹானி தன் வீட்டுத் தொட்டிகளில் விளைந்த பருத்தியைக் கொண்டுவருவாள். ஏழெட்டுப் பெண்கள் பஞ்சைக் கொட்டை நீக்கிப் பன்னுவார்கள், நூற்பார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு வகை நூலை நூற்றால் சுற்றிக் கட்டிய அதன் முதல் சிட்டத்தை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். சாத்திரம் எதுவும் இல்லை. வைத்துக்கொண்டால் அதையே பார்த்துப் பார்த்து மகிழ்ந்துகொண்டு அடுத்ததை நூற்க மாட்டோம், அவ்வளவுதான்.

அந்த மாதம் திலகா இறுக்கமான இரட்டை இழை நூற்றிருந்தாள். ஒவ்வொரு இழைக்கும் முறுக்கை மேலும் மேலும் ஏற்றி, இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கி, முறுக்கு நிலைக்கட்டும் என்று மஞ்சள் நீரில் கொதிக்க வைத்துக் காயப்போட்ட நூல். சுகந்தினி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"இதில மாட்டைக் கட்டலாம் திலகா."

"உங்க வீட்டுக்காரரக் கட்டுங்க. அவருதான் சொல்லாம கொள்ளாம மீன்பிடிக்கப் போறாரு."

அந்தச் சிட்டத்தைத்தான் தம்பி பெண்டாட்டி நித்தியா போன் போட்டுக் கேட்டாள். "அக்கா, கொஞ்சம் நூலு வேணும், நீங்க நூத்ததே வேணும்" என்றாள். எதற்கு என்று திலகா கேட்கவில்லை. நம் நூலையும் ஒருத்தி ஆசைப்பட்டுக் கேட்கிறாளே என்ற பெருமையில், வேலை முடிந்து வரும் வழியில் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு அந்தக் கேள்வியைக் கேட்காதது.

அடுத்த ஞாயிறு கார் போர்ச்சிலிருந்து கிளம்பி ஈஜோக்கில் தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மகள் ஷர்வினிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டிருந்தாள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனாள்.

தம்பி முகுந்தன் வாசலிலேயே சிரித்த முகமாக நின்றான். லோரி ஓட்டுபவன், அன்று லீவு.

"வாக்கா. காலையிலேருந்து காய்ச்சல் இல்ல. சுத்தமா விட்டுருச்சு."

உள்ளே பிள்ளை சோபாவில் சுருண்டு கிடந்தாள். ஆறு வயது, ஒரு நிமிடம் சும்மா இருக்காத பிள்ளை. அத்தையைப் பார்த்ததும் கண்ணைத் திறந்து மறுபடி மூடிக்கொண்டாள். திலகா நெற்றியைத் தொட்டாள். சூடில்லை. கையைத் தொட்டாள். ஜில்லென்று, வேர்த்து இருந்தது. அந்தக் கையின் மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டியிருந்தது. அவள் நூற்ற நூல்.

"வயிறு வலிக்குதுன்னு சொல்றா. ரெண்டு தடவ வாந்தி" என்றாள் நித்தியா மெதுவாக.

 தொழிற்சாலையில் திலகாவுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவள் மாலா. டெங்கிக் காய்ச்சல் விட்டதும், இனி லீவு தர மாட்டார்கள் என்று வேலைக்கு வந்தாள். கை இப்படித்தான் ஜில்லென்று இருந்தது. வயிறு வலி என்றாள். சூப்பர்வைசர், கழிவறைக்குப் போய்விட்டுச் சீக்கிரம் வா என்றான். அங்கேயே விழுந்தாள். காய்ச்சல் விடும் நேரம்தான் டெங்கியில் ஆபத்தான நேரம் என்று பிறகு வந்த டாக்டர் எல்லாரையும் நிற்க வைத்து விளக்கினார். மாலா அதைக் கேட்க உயிரோடு இல்லை.

"முகுந்தா, காடிய எடு. ஆஸ்பத்திரிக்குப் போவணும். இப்பவே."

"காய்ச்சல்தான் விட்டுருச்சேக்கா."

"விட்டதுதான்டா பயம்."

முகுந்தன் நூலைக் காட்டினான். குறி சொல்லும் சாமி கட்டியதாம். வழக்கமாகக் கடை நூலைத்தான் கட்டுவாராம். எங்க அக்கா கையாலேயே நூல் நூக்கும் என்று இவன் பெருமை அடித்ததும், ரத்த உறவு நூற்ற நூல் இன்னும் விசேஷம் என்றாராம். பிள்ளை மேல் பீடை இருக்கிறது. நூல் தானாக அறும் அன்று அது இறங்கும். அதுவரை பிள்ளை வாசற்படி தாண்டக் கூடாது. யாராவது அறுத்தால் பிள்ளையையே கொண்டுபோய்விடும்.

கடை நூல் வேர்வையில் நைந்து ஓரிரு நாளில் தானே அறுந்துவிடும். சாமியின் சக்தி எல்லாம் அந்த மட்டமான நூலில்தான் இருந்தது. இது அறாது. மாட்டைக் கட்டலாம். பிள்ளை செத்து எரித்த பிறகுதான் இது அறும்.

திலகா நித்தியாவின் தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தாள். முகுந்தன் அவள் கையை முறுக்கிப் பிடித்தான். அவ்வளவு பலமாக அவன் அவளை ஒருநாளும் தொட்டதில்லை.

"அக்கான்னு பாக்க மாட்டேன்."

"நான் ஆம்புலன்சக் கூப்பிடுவேன்."

"கூப்புடு. கேட்டப் பூட்டி வைக்கிறேன். என் பிள்ள. அப்பாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனமே, திரும்பி வந்தாரா? போன ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டாங்க."

அவன் கண்ணில் இருந்தது முரட்டுத்தனம் இல்லை, பயம். திலகாவுக்கு அது தெரிந்தது. இருவரும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். டாக்டருக்குப் பதில் இருந்த தோட்டத்து டிரெசர் எல்லா நோய்க்கும் ஒரே வெள்ளை மாத்திரை கொடுப்பார். நோய் முற்றிய பிறகு, சாகக் கிடக்கும் நேரத்தில்தான் ஆளை லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். போனவர்கள் பிணமாகத் திரும்பினார்கள். அதனால் ஆஸ்பத்திரி கொல்லும் இடம், கயிறு கட்டும் சாமி காப்பவர் என்று ஆயிற்று. தோட்டத்து முதலாளிகள் மருந்துக்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்த பணத்தில்தான் இந்தச் சாமிகள் முளைத்தார்கள். இதையெல்லாம் தம்பியிடம் சொல்லிப் புரியவைக்க ஒரு வருடம் வேண்டும். பிள்ளைக்கு ஒரு பொழுது இருக்கிறதா என்பதே தெரியவில்லை.

கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள்.

"சரி. நான் அறுக்கல. பிள்ள கையப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். அதுக்குமா சாமி தடை போட்டுட்டாரு?"

முகுந்தன் எதிரே உட்கார்ந்தான். பார்வையை எடுக்கவில்லை. நித்தியா ஈரத்துணியோடு வந்து பிள்ளையின் பக்கத்தில், அவனுக்கும் திலகாவுக்கும் நடுவில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தாள்.

நூல் என்பது என்ன? ஒட்டிக்கொள்ளாத பஞ்சு மயிர்கள். முறுக்கு மட்டுமே அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. முறுக்கை எடுத்துவிட்டால் வெட்ட வேண்டாம், இழுக்கவும் வேண்டாம், வெறும் பஞ்சு. திலகா பிள்ளையின் கையைத் தன் மடியில் வைத்துத் தடவுவதுபோல் விரல்களை நூலுக்கு அடியில் விட்டாள். நகத்தால் இரண்டு இழைகளையும் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை. கொதிக்க வைத்து நிலைத்த முறுக்கு. எத்தனை கவனமாகச் செய்தாள்! தன் கையைத் தானே சபித்துக்கொண்டு மறுபடி நகத்தைக் கொடுத்தாள். நுனி நுழைந்தது.

ஒரு இழையை விரலுக்கிடையில் பிடித்து அதன் முறுக்குக்கு எதிராக உருட்டினாள். விரலுக்கு ஒரு பக்கம் முறுக்கு ஏறியது, மறுபக்கம் இளகியது. உருட்டினாள். பிள்ளை முனகினாள்.

"என்னக்கா பண்ற?" என்றான் முகுந்தன்.

"கை ஜில்லுன்னு இருக்கு. தேச்சி விடுறேன்."

உள்ளங்கை வேர்த்து இழை வழுக்கியது. பாவாடைத் துணியில் விரலைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளையின் நாடி விரலடியில் மெலிதாக, வேகமாக ஓடியது. சில சமயம் அது கிடைக்கவே இல்லை. அப்போதெல்லாம் திலகா விரலை நகர்த்தித் தேடினாள். முதல் இழை சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தது. இரண்டாவதைப் பிடித்தாள். முகுந்தன் எழுந்து வந்தான். நித்தியா அந்த நேரம் பார்த்துத் துணியை நீட்டினாள்.

"இத நனச்சிக்கிட்டு வாங்க."

அவன் குழாயடிக்குப் போய்த் திரும்பியபோது நூல் சோபாவில் கிடந்தது. இரண்டு முனையும் பூவாக விரிந்து பஞ்சாகியிருந்தன. வெட்டிய தடம் எதுவும் இல்லை. அவன் எடுத்துப் பார்த்தான்.

"அறுந்துருச்சு. தானா அறுந்துருச்சு நித்தியா."

பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு காருக்கு ஓடினான்.

ஆஸ்பத்திரியில் ஊசியும் டிரிப்பும் ஏற்றினார்கள். இளம் டாக்டர் ஒருத்தி மூவரையும் பார்த்துச் சொன்னாள். டெங்கிதான். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது. ஏற்றும் தண்ணீர் உடம்பில் நின்று, பிள்ளை சிறுநீர் கழித்தால் தேறுகிறாள் என்று பொருள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பேசுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது.

வார்டு வாசலில் பெஞ்சு. முகுந்தன் நூலைச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

"அக்கா, சாமிக்குப் போன் போட்டுட்டேன். சந்தோசப்பட்டாரு. இனிமே யாருக்குக் கட்டுனாலும் ஒன் நூலத்தான் கட்டணுமாம். எங்க ரோட்டுல இன்னொரு பிள்ளைக்கும் காய்ச்சல். ஒரு சிட்டம் கொண்டாந்து குடு."

திலகா அவனைப் பார்த்தாள். பொய்யை இன்னும் ஒரு நாள் வைத்துக்கொண்டிருக்கலாம். பிள்ளை தேறும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் புத்தி. ஆனால் அந்த ரோட்டில் இன்னொரு மணிக்கட்டு காத்திருந்தது.

"தானா அறுபடல. நான் பிரிச்சேன். முறுக்க எடுத்துவிட்டேன்."

முகுந்தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான்.

"அப்ப பீடை எறங்கல. அவ மேலதான் இருக்கு." எழுந்தான். "தூக்கிட்டுப் போயி மறுபடி கட்டணும்."

திலகா கதவை மறித்து நின்றாள். அவன் அவளை விடப் பெரிய ஆள். ஒரு தள்ளில் விழுந்துவிடுவாள். காரிடாரில் யாரும் இல்லை. தன் நேர்மையே பிள்ளையைக் கொன்றுவிடப் போகிறது என்று நினைத்தாள். கதவுப் பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"உக்காருங்க" என்றாள் நித்தியா.

"ஒனக்குத் தெரியாது, இவ பிரிச்சிருக்கா..."

"தெரியும். பக்கத்துலதான உக்காந்திருந்தேன். மொத இழ விட்டப்பவே பாத்தேன். ரெண்டாவதுக்கு நேரம் பத்தலன்னுதான் ஒங்களக் குழாயடிக்கு அனுப்புனேன்." அவள் எழுந்து திலகாவின் பக்கத்தில், கதவில் சாய்ந்து நின்றாள். "பீடைய எறக்கணும்னா என் மேல எறக்குங்க. பிள்ள ஊசியோட இருக்கா. கை வெக்காதீங்க."

அவன் நின்றான். கை தூக்குவான் என்று திலகா கண்ணை இறுக்கிக்கொண்டாள். அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். சின்னப் பிள்ளைபோலக் கேட்டான்.

"செத்துருவாளாக்கா?"

"தெரியாதுடா" என்றாள் திலகா. அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

நர்ஸ் உள்ளே போகும்போதெல்லாம் மூவரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஒருமுறை அவள் வேகமாக ஓடினாள். திலகாவுக்கு மாலா விழுந்த சத்தம் காதில் கேட்டது. நர்ஸ் ஓடியது வேறு படுக்கைக்கு. தங்கள் பிள்ளை இல்லை என்று தெரிந்ததும் வந்த நிம்மதிக்காக அவள் வெட்கப்பட்டாள்.

பிறகு நித்தியாவை உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். முகுந்தன் எழ முடியாமல் எழுந்தான்.

"ஒண்ணுக்குப் போயிட்டா" என்றாள் நித்தியா. "படுக்கையெல்லாம் நனச்சிட்டா."

முகுந்தன் சுவரைப் பிடித்துக்கொண்டான். பிறகு கேட்டான்.

"சாமி கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஒண்ணுக்குப் போயிட்டான்னு சொல்லுங்க" என்றாள் நித்தியா.

திலகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒங்க ரோட்டுல காய்ச்சல்னு சொன்னியே, எந்த வீடு?" என்று தம்பியிடம் கேட்டாள்.