குழாய்க்குச் சாக்கு கட்டிய குளிர்காலம்

எண்பதுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், கணவருக்கு ஏற்காட்டுக்கு மாற்றல் வந்தது. எனக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். கடற்கரை வெயிலில் வளர்ந்த எனக்கு அந்த மார்கழிக் குளிர் பெரிய மிரட்டலாக இருந்தது.

குளிர் நாடுகளில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து குழாயே வெடித்துவிடும், அதைத் தடுக்கத் துணி சுற்றி, தண்ணீரை மெல்லச் சொட்ட விட வேண்டும் என்று ஏதோ ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். விடுவேனா? வெளிக்குழாய் முழுக்கச் சாக்கைச் சுற்றிக் கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து குழாயை லேசாகத் திறந்தே வைத்தேன்.

அதோடு நிற்கவில்லை. கரியை மிச்சம் பிடிக்க வேண்டுமே என்று ஜன்னல் இடுக்குகளில் பழந்துணியை அடைத்து, அறைக்குள் கரி அடுப்பை வைத்தேன். கொஞ்சம் கரியிலேயே அறை கதகதவென்று ஆனது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணவர் தலை வலிக்கிறதென்று படுத்தார். எனக்கும் கண் சொருகியது. அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். எழுந்தால் கால் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன்.

காப்பி எஸ்டேட்டில் வேலை செய்யும் பின்வீட்டு அக்கா, முகம் சிவக்க நின்றிருந்தார். எங்கள் வீட்டோடு சேர்த்து அங்கே மூன்று வீட்டுக்கும் ஒரே டேங்க்.

"ஏனுங்க, டேங்குல சொட்டுத் தண்ணி இல்லீங்க. உங்க ஊட்டுக் குழாய்தான் தொறந்து கெடக்குது" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். உள்ளே ஓடி ஜன்னல்களைத் திறந்தார். புடவைத் தலைப்பால் அடுப்பைப் பிடித்து வெளியே வைத்தார். கணவரைத் தட்டி எழுப்பி, தோளில் தாங்கி வாசலுக்குக் கொண்டுவந்தார்.

"மூடுன ரூம்புல கரி வெச்சா ஆளையே கொண்டு போயிருமுங்க" என்றார்.

வாசலில் மூடுபனியில் உட்கார்ந்து, இருவரும் நெடுநேரம் காற்றை இழுத்து விட்டோம். அடுத்த தெருவிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து, அக்காவே காப்பி போட்டுக் கொடுத்தார். அதன் பிறகுதான் குழாயைப் பார்த்து, "அதுக்கு எதுக்குங்க சாக்கு?" என்று கேட்டார். சொன்னேன்.

வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நானும் பொறந்ததுல இருந்து இங்கதானுங்க இருக்கறேன். குழாய்த்தண்ணி கல்லாப் போயி ஒருநாளும் பாத்ததில்லீங்க." தலைவலியோடு கணவரும் சிரிக்க, நானும் சிரித்துவிட்டேன்.

போகும்போது, "படுக்கற ரூம்புல நெருப்பே வேண்டாமுங்க. கம்பளிய நல்லா வெயில்ல போட்டு எடுங்க, பாய்க்கு அடியில வைக்கோல் பரப்புங்க. நொம்ப கதகதப்பா இருக்கும்" என்றார். அப்படித்தான் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தோம், கரிச் செலவே இல்லாமல்.

அன்று அவர் வந்தது என்னோடு சண்டை போட, அதற்கு அவரிடம் நியாயமும் இருந்தது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்த நொடியில் அதை மறந்தாரே, அதனால்தான் நாங்கள் இருவரும் இன்று இருக்கிறோம். இப்போதெல்லாம் யார் மேல் எவ்வளவு கோபத்தோடு போனாலும், பேசத் தொடங்கும் முன் எதிரில் நிற்பவரின் முகத்தை ஒரு கணம் பார்த்துவிடுகிறேன்.