மீதி ரோமின் கதை சொன்ன செலின் டீச்சர்

போன வாரம் ஒருநாள் காலையில் தோட்டத்து மேட்டில் மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது போன் வந்தது. செலின் டீச்சரின் தம்பி மகள் ஜெனிட்டா. "டீச்சர், அத்தை போயிட்டாங்க. காபி குடுக்கலாம்னு எழுப்பினேன், எந்திரிக்கவே இல்லீங்க" என்றாள். "வர்றேன் சாமி" என்றேன். போனை மடியில் செருகிய பிறகும் அங்கேயே நின்றேன். எங்கள் ஊர் வாழவந்தியிலிருந்து மலையடிவாரத்துக்குப் போகும் பஸ் கண்ணெதிரே போனது. கையைக்கூட நீட்டவில்லை.

எங்கள் பள்ளியில் படித்தவர்களுக்கு டீச்சரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏற்காட்டில் அவர் சரித்திரம் நடத்தினார், நான் கணக்கு. ஆசிரியர் அறையில் எங்கள் நாற்காலிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவருடைய அப்பா ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போவார். கடைசி பெஞ்சில் உட்காருவார். முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வருவார். "சாமிகிட்ட நொம்ப நேரம் பேசக் கூடாதுங்க. அவருக்கும் வேலை இருக்குமில்ல" என்பார்.

எங்கள் வகுப்புகளுக்கு நடுவே பலகைத் தடுப்புதான். நான் கரும்பலகையில் கணக்கைப் போட்டுவிட்டு அவர் பாடத்தைக் கேட்பேன். ஒருநாள் ஒரு பையன் புத்தகத்தைப் பார்த்து, ரோமப் பேரரசு வீழ்ந்தது என்று சத்தமாக வாசித்தான். "நில்லு கண்ணு" என்றார் டீச்சர். "விழுந்தது மேக்குப் பாதி. உங்கப்பா வேலை பாக்குற எஸ்டேட்ல பாதிய வித்துட்டா, மீதி எஸ்டேட் இல்லைன்னு ஆயிருமா?" "இல்லீங்க டீச்சர்" என்று வகுப்பே கத்தியது. என் வகுப்பும் சேர்ந்து கத்தியது.

அன்று தொடங்கிய கதை பல வாரம் ஓடியது. ஒருவரால் கட்டி மேய்க்க முடியாத பேரரசைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்து ஆளத் தொடங்கியது. இரண்டு கடல்களைச் சேர்க்கும் ஜலசந்தியின் கரையில் இருந்த பழைய கிரேக்க ஊரை, பேரரசர் கான்ஸ்டன்டைன் கான்ஸ்டன்டினோபிள் என்ற புதிய தலைநகராகக் கட்டி எழுப்பியது. எகிப்திலிருந்து கோதுமைக் கப்பல்கள் வந்து அந்த நகரத்துக்குச் சோறு போட்டது. சட்டம் லத்தீனிலும் சந்தை கிரேக்கத்திலும் பேசி, கடைசியில் அரசாங்கமே கிரேக்க மொழிக்கு மாறியது. இப்படி எல்லாம் வந்தன. நிலநடுக்கத்தில் கோட்டைச் சுவர் இடிந்தபோது, எதிரி வந்து சேருமுன் ஊர் மக்களே கல் சுமந்து கட்டிய இடத்தில் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரி ஒருவர் வகுப்பைப் பார்த்துவிட்டு, "இது பரீட்சைக்கு வருங்களா டீச்சர்?" என்று கேட்டார். "வராதுங்க. அதனாலதான் பயமில்லாமக் கேக்கறாங்க" என்றார் டீச்சர். அதிகாரி சிரித்துவிட்டுப் போனார்.

ஆனால் அவருக்குப் பிடித்தது வெற்றிக் காலம் அல்ல. பேரரசர் ஜஸ்டினியன் சட்டங்களைத் தொகுத்ததையும் பெரிய குவிமாடக் கோயிலைக் கட்டியதையும் வேகமாகச் சொல்லிவிடுவார். கொள்ளைநோய் வந்து, பிறகு சிரியா கைவிட்டுப் போய், எகிப்தும் போய், கோதுமைக் கப்பல் நின்றுபோன காலத்துக்கு வந்ததும் குரல் தாழும். "இப்பத்தான் கதையே" என்பார். இருந்ததில் பெரும்பகுதி போன பிறகு, கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அவர்கள் எப்படிப் படையை அமைத்தார்கள், எப்படி வரி வாங்கினார்கள், எப்படிப் பல நூறு வருடம் பிழைத்தார்கள் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதைத் தமிழில் ஒரு புத்தகமாக எழுத ஆசைப்பட்டார். பணி ஓய்வுக்குப் பிறகு உட்கார்ந்தார். "எல்லாம் மண்டையில இருக்குதுங்க, எறக்கி வெக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

உடம்பு இறக்கி வைக்க விடவில்லை. புயல் மழை கொட்டிய ஒரு மதியம், கிளியூர்ப் பக்கம் இருந்த அவர் வீட்டில் நானும் இருந்தேன். காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அடிவாரம் போகும் மலைப்பாதையில் மண் சரிந்து, பாறைகள் விழுந்து, வண்டி எதுவும் மேலே வர முடியவில்லை. பக்கத்து எஸ்டேட் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு குப்பனூர் வழியாகச் சுற்றிப் போனோம். அங்கேயும் மரம் விழுந்து கிடந்தது. ஆட்கள் வெட்டி அகற்றும்வரை, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிரைவரிடம் "ஏனுங்க, வேற வழியே இல்லீங்களா" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். "நான் என்னங்க டீச்சர் பண்றது" என்றார். அவர் சொன்னது உண்மை. அப்போது டீச்சர் குழறிக்கொண்டு, "சேலை நனையுது, பாத்து உக்காருங்க கண்ணு" என்றார். அவர் சொந்த வார்த்தையில் சொன்ன கடைசி வாக்கியம் அதுதான்.

சேலம் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. ஆனால் முழுதாகப் போகவில்லை, அதுதான் கொடுமை. எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் 'அருள் நிறைந்த மரியே' செபம் வந்தது. சிறு வயதில் மனப்பாடம் ஆனது மட்டும் தங்கிவிடும், சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். தண்ணீர் வேண்டும் என்றாலும் அந்தச் செபம், கால் வலி என்றாலும் அந்தச் செபம். அதன்பின் அவரைப் பார்த்துக்கொண்டது ஜெனிட்டாதான். அடிவாரத்தில் அவள் வீட்டுக்குப் பார்க்க வந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "என்னா பக்தி பாருங்க" என்றார்கள். டீச்சர் கண்ணில் கோபமும் தண்ணீரும் சேர்ந்து நிற்கும். அதைக் கண்டு இன்னும் உருகினார்கள்.

ஒருநாள் ஆறுதல் சொல்வதாக நினைத்து, "பாதி போனாலும் மீதி பல நூறு வருஷம் இருந்துச்சுன்னு நீங்கதானுங்க அக்கா சொன்னீங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். பேரரசுக்குப் படை இருந்தது, கப்பல் இருந்தது, அடுத்த தலைமுறை இருந்தது. இந்த உடம்புக்கு என்ன இருந்தது? ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அவர் காலைப் பிடித்துவிட்டேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

அடக்கத்தன்று கோயிலில் நல்ல கூட்டம். நோயிலும் செபத்தை விடாத புனிதமான வாழ்வு என்று பேசினார்கள். கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. அவர்கள் காதில் விழுந்தது அவ்வளவுதான். என்னையும் இரண்டு வார்த்தை சொல்லக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். கான்ஸ்டன்டினோபிள் என்று தொடங்கினால் யார் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. "செலின் டீச்சர் சரித்திரம் நொம்ப நல்லா நடத்துவாங்க" என்றேன். அத்தோடு இறங்கிவிட்டேன். அவர் மண்டையில் இருந்த புத்தகம் அவரோடு பெட்டிக்குள் போனது. அவரிடம் படித்தவர்களே, உங்கள் ஒவ்வொருவரிடமும் அதில் ஒரு துண்டு இருக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்தாலும் அது அந்தப் புத்தகம் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

அவரைக் கடைசியாகப் பார்த்தது போன மாதம். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்ல வேண்டும் என்று தவித்தார். செபம் வந்தது. பாதியில் நிறுத்தித் தலையை ஆட்டினார். மறுபடி தொடங்கினார், மறுபடி அதுவே வந்தது. "தண்ணியா அக்கா?" இல்லை. "ஊட்டுக்குப் போகணுங்களா, மேல?" இல்லை. "புத்தகமா?" கொஞ்சம் நின்றார், அதுவும் இல்லை. தெரிந்ததையெல்லாம் கேட்டேன். கேட்கக் கேட்க அவர் பிடி தளர்ந்தது. கடைசியில் நான்தான் அழுதேன். டீச்சர் என் கையை இரண்டு முறை மெல்லத் தட்டிக்கொடுத்தார். கேள்வி கடினம், பரவாயில்லை, உட்காரு என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதுபோல இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் சொல்ல வந்தது என்ன என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. அந்தத் தட்டலைத்தான் நான் வைத்திருக்கிறேன்.